வெறும் பாத்தியும் மில்லு மணலும்

பங்களாத் தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. தை பிறந்ததிலிருந்து கோடை மழை விழும்வரை மரத்தடிப் பாத்தியில் ஒரு பச்சை தெரியாது. இடம் சும்மாத்தானே கிடக்கிறது, நாலு கத்தரி நாற்று வைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றினால் வந்து கேளுங்கள், தப்பில்லை. கேட்காமல் மண்வெட்டியைப் போட்டீர்களோ, அதற்குமேல் உங்களுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. வேலை ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் எனக்கு இந்தக் கோபம் மட்டும் ஓயவில்லை.

எரு போடுவதும் தண்ணீர் விடுவதும் கை பழகினால் தானே வந்துவிடும். அதைச் சொல்ல நான் வரவில்லை. அப்படி ஒரு வெறும் பாத்தியால் நான் தங்கத் திருடன் என்று ஜெயிலுக்குப் போக இருந்தேன். அதில் பாதித் தப்பு என்னுடையதுதான். அதனால்தான் சொல்கிறேன்.

தண்டவாளம் மாரிகுப்பம் வரைக்கும் வந்து சேர்ந்த சமயம் அது. ஊரிகத்தில் தங்கச் சுரங்கத்துப் பெரிய துரை பங்களாவில் நான் தோட்ட மேஸ்திரி. சுரங்கத்துப் பாய்லருக்கு விறகு வெட்டி வெட்டிச் சுற்றுவட்டாரமே மொட்டையாகிக் கிடந்தது. எங்கள் பங்களாவின் பின்பக்கத்தில் மட்டும் ஏழெட்டுப் புங்க மரங்களும் இரண்டு நாவல் மரங்களும் கோடாலிக்குத் தப்பியிருந்தன. மற்ற பங்களாக்காரர்கள் முன்வாசலில் ரோஜாவும் குரோட்டன்ஸும் வைத்து, யார் பூ பெரிது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரைசானிக்கு அதில் மனசு போகவில்லை. நிழலில் வளர வேண்டும், வருஷா வருஷம் விதைக்காமல் தானே முளைக்க வேண்டும், வேறு எந்தப் பங்களாவிலும் இருக்கக்கூடாது, அப்படிப்பட்ட செடிகள் வேண்டும் என்றார். குதிரைக் கொம்புதான் கேட்கிறார்கள் என்று பட்லர் என்னிடம் முணுமுணுத்தான்.

எனக்கு அது குதிரைக் கொம்பாகத் தெரியவில்லை. நான் ஜவ்வாது மலை அடிவாரத்துக்காரன். என் மனைவி கன்னியம்மாவின் அப்பா, எனக்குத் தாய்மாமன், மலையில் வேரும் கிழங்கும் தோண்டி வேலூர் மருந்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவர். அவரோடு நானும் ஏறி இறங்கியிருக்கிறேன். சித்திரையில் லீவு போட்டுக்கொண்டு போனேன். காந்தள், காட்டு மஞ்சள், கச்சோலம், நிலப்பனை, காட்டுக் கருணை என்று ஒரு மூட்டை கிழங்கும், ஓடையோரத்துப் பெரணிச் செடிகள் கொஞ்சம் ஈரச் சாக்கில் சுற்றியும் கொண்டுவந்து சேர்த்தேன்.

முதல் வருஷம் பாதிக்கு மேல் அழுகிப்போயிற்று. மலையில் மண் பொலபொலவென்று இருக்கும். இங்கே செம்மண், மழை விழுந்தால் களி. கிழங்கைச் சுற்றித் தண்ணீர் நின்றால் அதன் கதை முடிந்தது. மணல் கலந்தால் சரியாகும், ஆனால் ஆற்று மணலுக்கு பேத்தமங்கலம் பக்கம் பாலாற்றுக்கு வண்டி போக வேண்டும். பங்களாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் மில்லு மணல் மேடு மேடாகக் கிடந்தது. பாறையை இடித்துப் பொடியாக்கித் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மில்லிலிருந்து வெளியே தள்ளுவார்கள். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி இருக்கும். அன்றைக்கு அதற்குக் கேள்வி முறை கிடையாது. பெண்கள் பாத்திரம் தேய்க்க எடுத்தார்கள், கொத்தனார்கள் சுவர் பூச எடுத்தார்கள், நான் பாத்திக்கு எடுத்தேன்.

மழையில் நன்றாக அலசி, இலை மக்கோடு கலந்து போட்டேன். அடுத்த வருஷம் அந்த மரத்தடியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். முதல் கோடை மழை விழுந்த நாலாம் நாள், இலை ஒன்றுமே இல்லாத வெறும் தரையைக் கீறிக்கொண்டு காட்டு மஞ்சள் பூ ரோஜா நிறத்தில் எழும்பி நின்றது. கச்சோலம் இரண்டு இலையைத் தரையோடு தரையாகப் பரப்பி, நடுவில் ஊதாப் பொட்டு வைத்த வெள்ளைப் பூவைக் காலையில் காட்டிவிட்டு மத்தியானத்துக்குள் சுருட்டிக்கொள்ளும். நிலப்பனை, பனங்கன்று மாதிரி நாலு இலை விட்டு அடியில் மஞ்சள் நட்சத்திரம் பூக்கும். காந்தள் மஞ்சளாக விரிந்து நாளாக நாளாகச் சிவக்கும். துரைசானி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படம் வரைந்தார்.

காட்டுக் கருணை மட்டும் என் மானத்தை வாங்கியது. சில வருஷம் இலை மட்டும் விட்டுவிட்டு ஒரு வருஷம் பூத்தது. பூ பெரிதுதான், நாற்றமோ செத்த எலி நாற்றம். அன்றைக்குப் பார்த்து பாதிரியாரும் நாலைந்து துரைமாரும் டீக்கு வந்திருந்தார்கள். தரைக்கு அடியில் பெருச்சாளி செத்துக் கிடக்கிறது என்று முடிவு கட்டி, சுகாதார ஆட்கள் இரண்டு நாள் தரைப் பலகையைப் பெயர்த்துத் தேடினார்கள். துரைசானி கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அதையும் வரைந்தார். அப்படிப்பட்ட அம்மாள்.

இந்தச் செடிகளின் குணம் ஒன்று உண்டு. மார்கழியில் இலையெல்லாம் பழுத்து உதிர்ந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கிழங்கு மட்டும் அடியில் உயிரோடு தூங்கும். முதல் வருஷம் துரைசானி எல்லாம் செத்துவிட்டது என்று கண் கலங்கினார். ஒரு கிழங்கைத் தோண்டி, கெட்டியாக இருப்பதையும் முளைக்கண்ணையும் காட்டிய பிறகுதான் நம்பினார். அதற்கப்புறம் வருகிறவர்களிடம் எல்லாம் தூங்குகிறது, சத்தம் போடாதீர்கள் என்பார். தையில் நான் நெருக்கமாக இருக்கும் கிழங்குகளைப் பிரித்துப் புதைத்து, ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு கல்லை நட்டு வைப்பேன். எந்தக் கல்லுக்குக் கீழே எது என்பது எனக்கும் துரைசானிக்கும்தான் தெரியும். பெயர் எழுதிப் பலகை வைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சயனைட் வந்தது. எடுத்து முடித்துத் தூக்கிப் போட்ட மணலிலிருந்தே அந்த மருந்தைக் கொண்டு மறுபடி தங்கம் எடுக்கலாம் என்றார்கள். குப்பையாகக் கிடந்த மேடு ஒரே நாளில் பொக்கிஷமாகிவிட்டது. காவல் போட்டார்கள். கூலி வீடுகள் இருந்த லைன் லைனாகத் தமுக்கு அடித்து, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கூவினார்கள்: மில்லு மணலை எடுக்கிறவன், வைத்திருக்கிறவன், தங்கம் திருடினவன் போலத்தான். மறுநாள் காலையில் பார்த்தால், பாத்திரம் தேய்க்க வைத்திருந்த மணலையெல்லாம் பெண்கள் வாசலில் கொட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவர்களாக நின்றார்கள்.

என் பாத்தியில் பாதி அந்த மணல்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. துரை பங்களாவுக்குள்ளேதானே இருக்கிறது, துரைக்குத் தெரியாமலா இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. ஆர்டர் வந்து ஒரு மாசம் கழித்து, காந்தளுக்குப் புதுப் பாத்தி போட மணல் வேண்டியிருந்தது. மேட்டின் பின்பக்கம் அப்போது காவல் இல்லை. ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பழக்கதோஷம் என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பழக்கமும் இல்லை, தோஷமும் இல்லை. பாலாற்றுக்கு வண்டி கட்டச் சோம்பல், அவ்வளவுதான்.

அந்த வருஷம் துரையும் துரைசானியும் ஆறு மாச லீவில் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள். அவர் இடத்துக்கு ஆக்டிங் துரை ஒருவர் வந்தார். அதிகம் பேசமாட்டார், தோட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார். பங்குனி மாசம் ஒரு காலை, சுரங்கக் காவலுக்கு இருந்த வாட்ச் இன்ஸ்பெக்டர் நாலு கூலிகளோடு பின்வாசல் வழியாக வந்து நின்றார். பட்டாளத்திலிருந்து வந்தவர், வேலூர்க்காரர், மீசையைப் பார்த்தாலே ஷிப்ட் முடிந்து வருகிற ஆட்கள் மடியை உதறிக் காட்டுவார்கள். மேஸ்திரி மரத்தடியில் எதையோ புதைத்துக் கல் நட்டு அடையாளம் வைக்கிறான் என்று யாரோ அவரிடம் ஓதியிருக்கிறார்கள். சொன்னவனைக் குற்றம் சொல்ல முடியாது. பார்த்ததைத்தான் சொன்னான்.

"இன்னா மேஸ்திரி, இங்க இன்னா பொதச்சி வச்சிக்கிற?"

செடிங்க என்றேன். செடி எங்கே என்றார். தூங்குதுங்க என்றேன். நாலு கூலிகளும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பக்கத்தில் இருந்த பெரிய கல்லைக் காலால் தள்ளி, கீழே தோண்டச் சொன்னார். மனிதத் தலை அளவுக்கு ஒரு காட்டுக் கருணைக் கிழங்கு வந்தது. உள்ளே குடைந்து தங்கத்தை வைத்திருக்கிறேன் என்று சந்தேகம். கத்தியை எடுத்தார். அறுக்காதீங்க, அரிக்கும் என்று சொன்னேன். நான் தடுத்ததே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. நாலு துண்டாக அறுத்து, விரலை விட்டுத் துழாவினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையும் சிவந்து தடித்து, அவர் தவித்த தவிப்பைப் பார்க்க வேண்டுமே. நான் சமையலறைக்கு ஓடிப் புளி கொண்டுவந்து கரைத்துத் தேய்த்துவிட்டேன். புளி அரிப்பைக் குறைத்தது, கோபத்தைக் குறைக்கவில்லை. பாத்தி முழுக்க வெட்டிப் போடுங்கடா என்றார்.

தம்பிகளே, இந்த இடத்தை நிதானமாகக் கேளுங்கள். மண்வெட்டி இறங்கினால் அத்தனை கிழங்கும் கொத்துக்கறி. ஆனால் இன்ஸ்பெக்டர் தேடியது தங்கக் கட்டி, மணல் அல்ல. கட்டி கிடைக்காமல் திட்டிவிட்டுப் போய்விடுவார். வாயை மூடிக்கொண்டு நின்றால் செடி போகும், நான் தப்புவேன் என்று மனசு கணக்குப் போட்டது. அப்போது கூலிகளில் ஒருவன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் தேய்த்தான். மில்லில் வேலை செய்கிறவன் அவன், அந்த மணல் அவன் கைக்குத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். தங்கக் கேஸில் பிடிபட்டவனின் சட்டி பானையை லைன் வீட்டிலிருந்து தெருவில் எடுத்துப் போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"வெட்ட வேணாங்க," என்றேன். "இந்த மண்ணுல மில்லு மணல் கலந்துகீது. நான்தான் போட்டேன். ஆர்டருக்கு முன்னாடி போட்டதுதான் ஜாஸ்தி. ஆர்டருக்கு அப்பறம் ஒரு கூடை போட்டேன்."

மண்வெட்டிகள் நின்றன. இன்ஸ்பெக்டர் கையைச் சொறிவதைக்கூட மறந்து என்னைப் பார்த்தார். பிறகு பாத்தியை யாரும் தொடக்கூடாது என்று ஒரு ஆளைக் காவல் வைத்துவிட்டு, என்னை வாட்ச் ஆபீஸுக்கு நடத்திக்கொண்டு போனார். வழியெல்லாம் தெரிந்த முகங்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. கன்னியம்மா இங்கே வரக்கூடாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். மத்தியானம் வரைக்கும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சொன்னது தப்போ என்று ஒரு நூறு தடவை நினைத்திருப்பேன்.

மூன்று மணிக்கு ஆக்டிங் துரை பங்களா வராண்டாவில் விசாரித்தார். ரைட்டர் ஒருவர் மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நானும் காலையில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். துரை பேனாவை எடுத்தார். அந்த நேரத்தில் படிக்குக் கீழே கன்னியம்மா வந்து நின்றாள். வரவேண்டாம் என்றால் வராமல் இருக்கிற பெண் அவள் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொத்தனார்களிடம் சித்தாளாக வேலை செய்கிறவள், தலையில் சும்மாட்டுத் துணி அப்படியே இருந்தது.

"தொரைகிட்ட சொல்லுங்க ஐயா," என்றாள் ரைட்டரைப் பார்த்து. "இந்த வராண்டா பூச்சுக்கு மணல் சொமந்தவ நான். இன்ஸ்பெக்டரு ஐயா வூட்டு செவுருக்கும் நான்தான் சொமந்தேன். எல்லாம் மில்லு மணலு. என் வூட்டுக்காரரு திருடன்னா, இந்த செவுத்தையும் புடிச்சிக்கினு போவட்டும்."

ரைட்டர் துரை பக்கம் திரும்பினார். அந்தம்மா அழுகிறார் என்று மட்டும் மொழிபெயர்த்தார் போலிருக்கிறது, ஏனென்றால் துரை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சொன்னதை முழுதாகச் சொல் என்று அதட்டினார். ரைட்டர் சொன்னார். துரை எழுந்து போய்ப் பேனாக்கத்தியால் சுவரைச் சுரண்டினார். சுண்ணாம்புக்குக் கீழே சாம்பல் நிறம் உதிர்ந்தது. இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வீங்கின கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்தார்.

பிறகு துரை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆர்டருக்கு அப்புறம் எடுத்த அந்த ஒரு கூடையைப் பற்றி யாருக்கும் தெரியாதே, ஏன் சொன்னாய்? உண்மையே என் தெய்வம் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அந்த நேரத்தில் அவ்வளவு சாமர்த்தியம் வரவில்லை.

"மில்லு ஆளு ஒருத்தரு மண்ணைக் கையில எடுத்துட்டாருங்க," என்றேன். "அவரு சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிட்டா நல்லதுன்னு பட்டுது. ஒண்ண சொன்னப்பறம் இன்னொண்ண இன்னாத்துக்கு மறைக்கிறதுன்னு அதையும் சொல்லிட்டேன்."

ரைட்டர் இதை அப்படியே சொன்னார். துரையின் உதடு கொஞ்சம் அசைந்தது. அது சிரிப்பு என்று பின்னால் ரைட்டர் சத்தியம் செய்தார். தீர்ப்பு இதுதான்: ஆர்டருக்கு முந்தின மணல் சுவரில் இருந்தாலும் பாத்தியில் இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஒரு கூடைக்காகப் புதுக் காந்தள் பாத்தியின் மண் முழுவதையும் சனிக்கிழமைக்குள் என் கையால் அள்ளி மேட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு கிழங்கு சேதமானாலும் துரைசானி வந்ததும் அவரிடமே நான் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். கேஸ் இல்லை.

கேஸ் இல்லை என்று ரைட்டர் சொன்னதும் நான் வராண்டாப் படியிலேயே உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அதற்காக நான் அவரை இன்றுவரை மதிக்கிறேன்.

செடி பிழைத்ததா என்று கேட்பீர்கள். பங்குனியில் கிழங்கு நல்ல தூக்கத்தில் இருக்கும்; எடுத்து வைக்க அதைவிடத் தோதான மாசமே கிடையாது. தண்டனை என்று துரை கொடுத்தது, நானே செய்திருக்க வேண்டிய வேலைதான். வண்டி கட்டிப் பாலாற்று மணல் கொண்டுவந்து போட்டேன். ஆவணியில் துரைசானி திரும்பியபோது காந்தள் வேலியெல்லாம் ஏறிப் பூத்திருந்தது. நடந்ததையெல்லாம் நானே சொன்னேன். அன்றைக்கே ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் பெயர்ப் பலகை வைத்தோம். மண்ணில் எதைப் போட்டாலும் போட்ட அன்றைக்கே ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். நாள் கழித்துச் சொன்னால் அதற்கு வேறு பெயர் வந்துவிடுகிறது.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்தச் சனிக்கிழமை. இரண்டு நாளாக நானும் கன்னியம்மாவும் மண் சுமந்தோம். முதல் கூடையோடு மேட்டுக்குப் போனபோதே காவல்காரர் மறித்தார். மணல் வெளியே போகக்கூடாது என்றுதான் தனக்கு ஆர்டர், உள்ளே வரலாம் என்று ஆர்டர் இல்லை என்றார். துரை உத்தரவு என்றேன். காகிதம் எங்கே என்றார். எடுத்ததற்குப் பிடிபட்டவன், திருப்பிக் கொடுக்கவும் வழியில்லாமல் வெயிலில் கூடையோடு நின்றேன். இன்ஸ்பெக்டர் வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். கடைசிக் கூடையையும் இன்ஸ்பெக்டர் முன்னால்தான் கொட்டினேன். கன்னியம்மா கூடையை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து, அடியில் நாலு தட்டுத் தட்டி, அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பாத்துக்குங்க ஐயா. ஒரு பொடி கூட ஒட்டிக்கல."

இன்ஸ்பெக்டர் குனிந்து கூடைக்குள் பார்த்தார், நிஜமாகவே பார்த்தார். சரி, போங்க என்றார். லைனை நோக்கி நடந்தோம். பாதி வழி போயிருப்போம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. என்ன என்று கேட்க வாயெடுத்தேன், எனக்கும் வந்துவிட்டது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து, போகிறவர்கள் நின்று பார்க்கும்படி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிள்ளைகள் பசியோடு இருக்கும் என்று அவள்தான் முதலில் எழுந்தாள்.